ஏறுநெற்றிக்காரர் மூவர்

உடுப்பிட்டியில் ஒரு பெடியனுக்கு ஏன் தலைமயிர் கொட்டுது என்று கேட்டுப் பாருங்கோ. ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருப்பினம். கிணற்றுத் தண்ணி உவர் என்று ஒருவர் சொல்லுவார். ஹெல்மெட் என்பார் இன்னொருவர். ஷாம்பு, இரவு இரண்டு மணி மட்டும் போன் பார்க்கிறது, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை விட்டது, கண்ணூறு என்று பட்டியல் நீளும். மருந்தும் அதே வாயிலிருந்துதான் வரும். சின்ன வெங்காயத்தை அரைச்சுப் பூசு, செவ்வரத்தம் பூவை எண்ணெயில் போட்டுக் காய்ச்சு, கையாந்தகரைச் சாறு வை. அம்மம்மா மட்டும் ஆறுதலாக ஒன்று சொல்லுவா: "திருநீறு பூச நல்ல வடிவான நெத்தி ராசா."

நாங்கள் மூன்று பேர். ஒரே ஊர், ஒரே பஸ், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் ஒரே வருடம். பாடம்தான் வேறு: ஒருவன் புவியியல், ஒருவன் வரலாறு, ஒருவன் பொருளியல். பெயர் போட வேண்டாம் என்று மூவரும் ஒத்துக்கொண்டதால் இந்தக் கட்டுரையில் பாடத்தின் பெயராலேயே எங்களைக் கூப்பிடுகிறோம். இருபது, இருபத்தொரு வயதிலேயே மூன்று பேருக்கும் நெற்றி பெரிதாகத் தெரியத் தொடங்கியது. கடந்த பதினான்கு மாதங்களாக அதை ஒரு கொப்பியில் எழுதி, படம் எடுத்து, வைத்தியரின் சொற்படி நடந்து வருகிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வல்லைவெளியை பஸ்ஸில் கடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே காற்று ஒருவருக்கும் இரக்கம் பார்க்காது. இரண்டு பக்கமும் வெட்டை. ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும். முன்னுக்கு இழுத்து வாரி வைத்த தலை ஒரே அடியில் பின்னுக்குப் போய்விடும். நாங்கள் மூவரும் உடுப்பிட்டியில் ஏறும்போதே ஜன்னல் பக்கத்தைத் தவிர்த்து இருப்போம். ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. ஒரு வருடம் முழுக்க மூன்று பேரும் ஒரே காரணத்துக்காக ஒரே பக்கத்தில் இருந்து போய் வந்திருக்கிறோம், ஆனால் கதைக்கவில்லை.

இது சின்ன விஷயம்தானே என்று கேட்கலாம். போரில் கை கால் இழந்தவர்கள் வாழுகிற ஊரில் நெற்றியைப் பற்றிக் கவலைப்படுவது எங்களுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சின்ன விஷயம் என்று சொல்லுகிற அதே ஆட்கள்தான் அதைச் சும்மா விடுவதுமில்லை. கலியாண வீட்டில் முதல் கேள்வியே அதுதான். "என்ன தம்பி, தலை வெளிச்சுக் கொண்டு வருது?" கலியாணம் பேசுகிற இடத்தில் படிப்பு, வேலை, சாதகம் எல்லாம் பொருந்தின பிறகு, "மாப்பிள்ளைக்குத் தலை கொஞ்சம் வெளி" என்று ஒரு குரல் தாழும். நல்லூர்த் திருவிழாவில் சட்டையும் இல்லை, தொப்பியும் இல்லை, மறைக்க ஒன்றும் இல்லை. சலூனில் அண்ணை கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்பார்: "முன்னுக்குக் கொஞ்சம் மறைச்சு விடட்டோ?" அந்த அன்பான கேள்விதான் எல்லாவற்றிலும் அதிகம் சுட்டது.

முதலில் வாயைத் திறந்தவன் பொருளியல்காரன். பேஸ்புக்கில் அவனுக்கு ஒரு நாளைக்கு ஐந்து எண்ணெய் விளம்பரம் வருது என்று சொன்னான். மற்ற இருவரும் போனை எடுத்துக் காட்டினோம். எங்களுக்கும் அதேதான். முப்பது நாளில் முடி, மூலிகை, பக்கவிளைவே இல்லை, பணம் திருப்பித் தரப்படும். விற்கிற பக்கத்தில் விலாசம் இல்லை, போத்தலில் என்ன இருக்கிறது என்ற விபரம் இல்லை. அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தோம்: எண்ணெய்க்குக் கொடுக்கிற காசை ஒரு தோல் வைத்தியருக்குக் கொடுப்போம். யாழ்ப்பாணத்தில் சனல் பண்ணி, மூன்று நம்பர் எடுத்து, மூவரும் ஒன்றாகவே உள்ளே போனோம். டொக்டர் சிரித்தா. "கூட்டமாவோ வந்திருக்கிறியள்? சரி, இருங்கோ."

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் நாங்கள் கேட்டதைவிட அவ கேட்டதுதான் அதிகம். வீட்டில் ஆருக்கு வழுக்கை? அம்மாவின் பக்கமா, அப்பாவின் பக்கமா? தாய் மாமனைப் பார்த்தால் போதும் என்று ஊரில் சொல்லுவார்கள். அவ இரண்டு பக்கத்தையும் கேட்டா. தாயிடமிருந்து வருகிற எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஒரு முக்கியமான மரபணு இருப்பது உண்மை, ஆனால் இதில் பங்கெடுக்கிற மரபணுக்கள் பல, இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். கடந்த ஆறு மாதத்தில் காய்ச்சல் வந்ததா? நிறை குறைந்ததா? வேறு மருந்து ஏதும் குடிக்கிறீர்களா? பிறகு வெளிச்சம் பூட்டிய ஒரு சின்ன லென்சைத் தலையில் வைத்து, நெற்றியின் இரண்டு மூலையையும் உச்சியையும் பின்தலையையும் பார்த்தா.

மூன்று பேருக்கும் ஒரே வருத்தம் என்று நினைத்துப் போனவர்களுக்கு மூன்று வேறு விடை கிடைத்தது.

புவியியல்காரனுக்கு மருந்தே இல்லை. அவனுக்கு மூன்று மாதத்துக்கு முதல் டெங்கு வந்திருந்தது. கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து, தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது உண்டு. ஒவ்வொரு மயிரும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும், பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வில் இருந்து விழும், அந்த இடத்தில் புதியது முளைக்கும். காய்ச்சலின் அதிர்ச்சியில் நிறைய மயிர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. வேர் சாகவில்லை, ஆகவே திரும்பி வரும். அவனுடைய நெற்றி ஏறியது எங்கே என்று கேட்டதற்கு, பதினேழு வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் பெரும்பாலான ஆண்களுக்குச் சிறுவயது நெற்றிக்கோடு கொஞ்சம் மேலே போகும், அது வழுக்கை இல்லை என்று சொன்னா. "ஆறு மாதம் கழிச்சு வாங்கோ. ஒண்டும் பூச வேண்டாம்."

மற்ற இருவருக்கும் இருந்தது பரம்பரை வழுக்கைதான். நெற்றி மூலைகளில் தடித்த மயிரும் பூனைமயிரும் கலந்து நின்றன. பின்தலையில் எல்லாம் ஒரே தடிப்பு. லென்சில் பார்த்தபோது எங்களுக்கே அது தெரிந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோனை உடம்பில் ஒரு நொதியம் டிஎச்டி என்ற இன்னொன்றாக மாற்றுகிறது. அந்த டிஎச்டிக்கு உணர்வுள்ள வேர்கள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன. முதலில் தடித்த மயிர், பிறகு மெல்லியது, பிறகு பூனைமயிர், பிறகு ஒன்றுமில்லை. கிணற்றுத் தண்ணிக்கும் ஹெல்மெட்டுக்கும் இதில் வேலை இல்லை. உவர்த்தண்ணி மயிரைச் சொரசொரப்பாக்கும், உடைக்கவும் கூடும், ஆனால் நெற்றி மூலையை மட்டும் தேடிப் போய்ப் பிடிக்காது.

இந்த அறிவு எப்படி வந்தது என்று தேடியவன் வரலாற்றுக்காரன். ஜேம்ஸ் ஹமில்ட்டன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1942இல் எழுதிய ஆய்வு ஒன்றில் தொடங்கலாம். பருவமடைய முதலே விதை அகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை, அவர்களில் பரம்பரை உள்ளவர்களுக்கு ஆண் ஹோர்மோன் கொடுத்தபோது விழத் தொடங்கியது என்று அவர் கண்டார். வழுக்கையைப் படிநிலைகளாக 1951இல் வகுத்ததும் அவர்தான். அதை 1975இல் நோர்வூட் திருத்தினார். இன்றைக்கும் வைத்தியர்கள் இரண்டு பேரின் பெயராலும்தான் படி சொல்கிறார்கள். 1974இல் டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற கிராமத்தைப் பற்றி ஜூலியான் இம்பெராட்டோ மக்கின்லி குழுவினர் எழுதினார்கள். அங்கே சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதியம் குறைவு. அவர்களுக்கு வளர்ந்த பிறகும் புரொஸ்டேட் சுரப்பி சின்னதாகவே இருந்தது, நெற்றியும் ஏறவில்லை. அந்த நொதியத்தை மருந்தால் மறித்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து வந்ததுதான் பினாஸ்டரைட். 1992இல் புரொஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1997இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம். எங்களில் ஒருவனின் அப்பப்பா சலத்துக்குக் குடிக்கிற மருந்தும் பேரனின் நெற்றிக்குச் சொல்லப்பட்ட மருந்தும் ஒன்றுதான், அளவு மட்டும் வேறு.

பூசுகிற மருந்தின் கதை இன்னும் வேடிக்கை. மினொக்சிடில் முதலில் உயர் இரத்த அழுத்தத்துக்கான குளிசை. அப்ஜோன் கொம்பனி செய்தது, 1979இல் சந்தைக்கு வந்தது. குடித்தவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கையிலும் மயிர் வளர்ந்தது. வேண்டாத விளைவாக இருந்ததையே பிறகு மருந்தாக்கி, தலையில் பூசுகிற திரவமாக 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றார்கள். பக்கவிளைவே தொழிலான மருந்து என்று பொருளியல்காரன் பகிடி விடுவான்.

திரும்பவும் டொக்டரின் அறைக்கு வருவோம். பினாஸ்டரைட்டைப் பற்றிச் சொல்ல முதல் அவ ஒரு கேள்வி கேட்டா: "முந்தி எப்பவாவது மனச்சோர்வு இருந்ததோ? சாக வேணும் போல நினைப்பு வந்திருக்கோ?" பொருளியல்காரன் இல்லை என்றான். வரலாற்றுக்காரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஏ.எல். இரண்டாம் தரம் எடுத்த வருடத்தில் இருந்தது என்று சொன்னான். வீட்டிலும் தெரியாது என்றான்.

பாலர் வகுப்பிலிருந்து நாங்கள் ஒன்றாக. அந்த வருடம் பின்னேரம் பின்னேரம் ஒரே மைதானத்தில் விளையாடினோம். அவன் இரண்டு மாதம் வராததைப் படிக்கிறான் என்று எடுத்துக்கொண்டோம். மயிரைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில், தெரியாத ஒருவர் கடமைக்குக் கேட்ட ஒரு கேள்விக்கு, எங்கள் நண்பனின் நாலு வருடத்துக்கு முந்திய இருட்டு வெளியே வந்தது. அந்த நேரம் மற்ற இருவருக்கும் நெற்றி மறந்துபோனது.

டொக்டர் அவனுக்குப் பினாஸ்டரைட் வேண்டாம் என்று முடிவு செய்தா. காரணத்தையும் சொன்னா. இந்த மாத்திரை குடித்தவர்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் வருவது பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகவரகம் 2025இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. எல்லோருக்கும் வராது. ஆனால் முன்பு மனச்சோர்வு இருந்தவருக்கு மயிருக்காக அந்த வாசலைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. அவனுக்கு மினொக்சிடில் மட்டும். அதோடு, மயிரைப் பற்றி இல்லாத இன்னொரு வைத்தியரின் பெயரையும் எழுதிக் கொடுத்தா. அங்கேயும் அவன் போனான். மூவரும்தான் போனோம், இரண்டு பேர் வெளியில் வாங்கில் இருந்தோம்.

பொருளியல்காரனுக்கு இரண்டும். அவனுக்குக் கணக்குச் சொன்னால்தான் விளங்கும். 1998இல் வெளியான பெரிய ஆய்வில் 18 முதல் 41 வயது வரையான 1,553 ஆண்கள் இருந்தார்கள். இரண்டு வருட முடிவில் உச்சந்தலையில் எண்ணிப் பார்த்தபோது, மருந்து குடித்தவர்களில் 83 சதவீதமானோருக்கு மயிர் தொடக்கத்தைவிடக் குறையவில்லை. வெறும் மாத்திரை குடித்தவர்களில் அப்படி இருந்தது 28 சதவீதம். பாலியல் தொடர்பான பக்கவிளைவுகள் மருந்து குடித்தவர்களில் 3.8 சதவீதம், வெறும் மாத்திரை குடித்தவர்களில் 2.1 சதவீதம். பெரும்பாலானோருக்கு நிறுத்தினால் போய்விடும், நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வெட்கப்படாமல் வந்து சொல்ல வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வீட்டில் அக்கா பிள்ளைத்தாச்சி என்றதும் டொக்டர் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னா: மாத்திரையை உடைக்கக்கூடாது, உடைந்ததை அவ தொடவும் கூடாது. வயிற்றில் ஆண்பிள்ளை என்றால் அதன் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். ஐந்து மில்லிகிராமை வாங்கிக் குசினியில் கத்தியால் நாலாக வெட்டிக் காசு மிச்சம் பிடிக்கிற யோசனை அந்த இடத்திலேயே முடிந்தது.

"எத்தினை மாதம் எடுக்கோணும் டொக்டர்?"

"மயிர் வேணும் எண்டு நினைக்கிற மட்டும்."

இந்தப் பதிலுக்கு நாங்கள் ஆயத்தமாக இருக்கவில்லை. காய்ச்சலுக்கு ஐந்து நாள், புண்ணுக்கு ஒரு கிழமை என்று பழகியவர்கள் நாங்கள். இது அப்படி இல்லை. மினொக்சிடிலை நிறுத்தினால் மூன்று நாலு மாதத்தில் வந்த மயிர் போய்விடும். மாத்திரையை நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் பழைய பாதைக்குத் தலை திரும்பிவிடும். பொருளியல்காரன் பஸ்ஸில் வரும்போது கணக்குப் பார்த்தான். இருபத்திரண்டு வயதில் தொடங்கி ஐம்பது மட்டும் என்றால் 28 வருடம், 10,220 மாத்திரை. பூசுகிறது ஒரு தரம் 1 மில்லிலீற்றர், நாளுக்கு இரண்டு தரம், அதாவது மாதம் 60 மில்லிலீற்றர், ஒரு போத்தல். 28 வருடத்துக்கு 336 போத்தல். மகாபொலக் காசில் மாதாமாதம் ஒரு பங்கு இதற்கே போகும். 2022இல் நாட்டில் அத்தியாவசிய மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். அப்படி ஒரு காலம் திரும்பி வந்தால் முதலில் இல்லாமல் போவது இந்தப் போத்தலாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

கொம்பனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கோ, விலை குறையும் என்று டொக்டர் சொன்னது உண்மையாகவே உதவியது. இந்தப் பழக்கத்துக்கு எங்கள் நாட்டில் ஒரு பெயர் உண்டு: பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். மருந்தை அதன் பொதுப் பெயரில் மொத்தமாக இறக்கி மலிவாகக் கொடுக்கலாம் என்று செய்து காட்டினவர். மயிருக்கு மருந்து வாங்கப் போய் பிபிலேயைப் படித்தது கலைப்பீடக்காரருக்கு மட்டும்தான் நடக்கும்.

இனி நடைமுறை. காலையில் கிணற்றடியில் முகம் கழுவி, தலை ஈரமில்லாமல் காய்ந்த பிறகு, மயிரை விலக்கித் தோலில் படும்படி பூச வேண்டும். மயிரில் பூசினால் வீண். விரலால் பரப்பிவிட்டுக் கை கழுவ வேண்டும். நாலு மணித்தியாலம் தலையில் தண்ணி படக்கூடாது. இரவு, தலையணையில் படாமல் காய்வதற்காகப் படுக்கப் போவதற்கு இரண்டு மணித்தியாலம் முதலே பூச வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் கவனம், மினொக்சிடில் பூனைக்கு நஞ்சு. எங்களில் ஒருவன் வீட்டுப் பூனை தலையணையில் ஏறிப் படுக்கிற பழக்கமுள்ளது. இப்போது அறைக் கதவு பூட்டித்தான் இருக்கும். நெஞ்சு படபடத்தால், தலை சுற்றினால், கால் வீங்கினால் நிறுத்திவிட்டுப் போகச் சொன்னா. வரலாற்றுக்காரனுக்குத் தலை கடித்தது. அந்தத் திரவத்தில் கலந்திருக்கிற ஒரு பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று நுரை வடிவத்துக்கு மாற்றினா, கடி நின்றது.

இரண்டாவது கிழமையில் கொட்டல் கூடும் என்று முதலே சொல்லியிருந்தா. சொல்லியிருந்தும் பயந்தோம். தலையணை, சீப்பு, கிணற்றடிச் சீமெந்து எல்லா இடமும் மயிர். ஓய்வில் நின்ற பழைய மயிரைப் புதியது தள்ளி வெளியே அனுப்புகிற காலம் அது. எண்ணெய்க் கடைக்காரரின் விளம்பரத்தில் இந்தக் கட்டம் வராது. தனியாக இருந்திருந்தால் அந்த மாதத்திலேயே போத்தலை எறிந்திருப்போம் என்று இருவரும் சொல்லுகிறார்கள். எறியாமல் இருந்ததற்குக் காரணம் கொப்பி.

கொப்பி புவியியல்காரனின் யோசனை. கடலரிப்பை ஒரு நாள் பார்த்துச் சொல்ல முடியாது, ஒரே இடத்தில் நின்று வருடக்கணக்கில் அளக்க வேண்டும் என்று அவனுக்கு வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். அதையே இங்கே கொண்டுவந்தான். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, வரலாற்றுக்காரன் வீட்டு விறாந்தை, அதே கதிரை, அதே வெளிச்சம், காய்ந்த தலை. முன், இரண்டு மூலை, உச்சி என நாலு படம். இடையில் கண்ணாடி பார்த்து ஒருவரும் முறையிடக்கூடாது. கண்ணாடி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை சொல்லும். மயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும், நாளாந்தம் பார்த்தால் பைத்தியம்தான் பிடிக்கும்.

புவியியல்காரனின் படங்கள்தான் முதலில் குழம்பின. டெங்கில் கிடந்தபோது அம்மா செல்வச்சந்நிதிக்கு நேர்ந்திருந்தா. இரண்டாம் மாதத்தில் தொண்டைமானாற்றுக்குப் போய் மொட்டை போட்டு வந்தான். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று பக்கத்து வீட்டு மாமி வாழ்த்தினா. வழித்தால் வேருக்கு ஒன்றும் ஆகாது. நுனி வெட்டுப்பட்டு முளைக்கிறபடியால் கையில் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஆறாம் மாதம் அவனுடைய தலை நிறைந்துதான் இருந்தது. டொக்டர் சொன்னபடி, ஒன்றும் பூசாமல். மாமி இன்றைக்கும் அதை மொட்டையின் கணக்கில்தான் வைத்திருக்கிறா. முருகனின் கணக்கில் அம்மா வைத்திருக்கிறா. நாங்கள் இரண்டு பேருடனும் வாதாடுவதில்லை.

கைதடியில் சித்த மருத்துவம் படிக்கிற எங்கள் ஊர் நண்பி ஒருத்தி இருக்கிறா. கையாந்தகரையும் செவ்வரத்தையும் பற்றிக் கேட்டோம். தலைத் தோலுக்கும் மயிரின் பளபளப்புக்கும் எண்ணெய் நல்லது, வையுங்கோ, ஆனால் வட்டமாகக் கொட்டுகிற புழுவெட்டு வேறு, காய்ச்சல் கொட்டல் வேறு, பரம்பரை வேறு, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் என்று விற்கிறவனை எந்த மருத்துவமும் ஏற்காது என்றா. பிறகு எங்களிடம் ஒன்று கேட்டா: "பெடியளுக்கு எண்டால் பகிடியாவது பண்ணுவினம். பெட்டையளுக்கு வகிடு அகலமானால் ஆர் கதைக்கிறது?" பெண்களுக்கும் பரம்பரைக் கொட்டல் உண்டு. மினொக்சிடில் அவர்களுக்கும் 1991இலிருந்து அனுமதிக்கப்பட்ட மருந்து. எங்கள் வகுப்பில் எப்போதும் முக்காடுபோல் சால்வையை இழுத்துவிடுகிற ஒருத்தியை நாங்கள் வேறு மாதிரி விளங்கி வைத்திருந்தோம் என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உறைத்தது.

படங்களைப் பற்றிக் கொஞ்சம். இந்தத் தளத்தில் எழுதுகிறபடியால் சொல்லாமல் விட முடியாது. கன்னடத்தில் ராஜ் பி. ஷெட்டியின் 'ஒந்து மொட்டெய கதெ' 2017இல் வந்தது, அது 2019இல் மலையாளத்தில் 'தமாஷா' ஆனது. அதே வருடம் ஹிந்தியில் 'பாலா'. மூன்றையும் விறாந்தையில் இருந்து பார்த்தோம். மூன்றுமே நல்ல மனதோடு எடுக்கப்பட்டவை. மூன்றும் போய்ச் சேருகிற இடம் ஒன்று: உன்னை நீயே ஏற்றுக்கொள். மருந்துப் போத்தல் வந்தால் சிரிப்புக்கு வரும். தமிழில் ரஜினிகாந்த் மேடைக்கு வழுக்கையோடு வருவார், திரையில் விக் வைத்து வருவார், இரண்டுக்கும் விசில் அடிப்போம். பகத் பாசில் ஏறிய நெற்றியோடேயே 'விக்ரம்', 'மாமன்னன்' நடித்துவிட்டுப் போகிறார். அதைப் பார்க்க எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனால் ஏற்றுக்கொள்வதற்கும் வெட்கப்படுவதற்கும் நடுவில் ஒரு பெரிய நிலம் இருக்கிறது. பல் சூத்தையானால் அடைக்கிறோம், கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம். அதில் ஒருவரும் தத்துவம் பேசுவதில்லை. மயிருக்கு மருந்து வைப்பதையும் வைக்காமல் விடுவதையும் அந்த அளவு சாதாரணமாகச் செய்ய ஏலாதா என்பதுதான் எங்கள் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பரீட்சை இரத்ததான முகாமில் வந்தது. பொருளியல்காரன் பதினெட்டு வயதிலிருந்து தவறாமல் இரத்தம் கொடுக்கிறவன். பினாஸ்டரைட் குடிக்கிறவர் கொடுக்கக்கூடாது. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போனால் பிள்ளைக்கு ஆபத்து. கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்பது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் விதி. கம்பஸில் முகாம் நடந்த அன்றைக்கு, ஒழுங்குபடுத்தினவர்களே அவனைத் தேடி வந்தார்கள். "என்னடா, நீ ஏன் இன்னும் வரேல்லை?" சுற்றி இருபது பேர். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். அவன் சொன்னான்: "தலைமயிருக்குக் குளிசை குடிக்கிறன் மச்சான். அது குடிக்கேக்க குடுக்கேலாது."

ஒரு நிமிடம் அமைதி. பிறகு சிரிப்பு, எதிர்பார்த்ததுதான். ஆனால் அன்று இரவே வட்ஸ்அப்பில் தனித்தனியாக ஏழு பேர் எழுதினார்கள். எல்லோரும் கேட்டது ஒன்று: எந்த டொக்டர்? அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே பாமசியில் வாங்கி ஒருவரையும் கேட்காமல் மாத்திரை குடிக்கிறவர்கள். அதில் ஒருவன் அன்று காலை இரத்தம் கொடுத்திருந்தான். எங்கள் நண்பன் அவனோடு அரை மணித்தியாலம் போனில் கதைத்து, இரத்த வங்கிக்கு எடுத்துச் சொல்ல வைத்தான். வெட்கத்தை மறைப்பது ஒருவனின் சொந்த விஷயமாக மட்டும் நிற்பதில்லை என்று அன்றைக்கு விளங்கியது.

இந்த மாதம் பதினான்காவது படம். பொருளியல்காரனின் உச்சியில் வடிவாக வித்தியாசம் தெரிகிறது. நெற்றி மூலைகள் பழைய இடத்துக்கு வரவில்லை, ஆனால் மேலே போகவும் இல்லை. முன்பக்கம் எப்போதும் கஷ்டமான இடம் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தா. அவன் தொடர்கிறான். வேலை கிடைத்த பிறகு திரும்பக் கணக்குப் பார்ப்பான். வரலாற்றுக்காரனுக்கு மருந்து ஒன்றுதான், பலனும் அதற்கேற்ற அளவு. மூலையில் மெல்லிய மயிர் கொஞ்சம் வந்து நிற்கிறது. இன்னும் ஒரு வருடம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் கட்டையாக வெட்டிவிட்டுத் திரிவேன் என்கிறான். மற்ற வைத்தியரிடமும் மாதம் ஒரு தரம் போய் வருகிறான். அவனுக்கு எது முக்கியமான மருந்து என்று கேட்டால் தயங்காமல் இரண்டாவதைச் சொல்லுவான். புவியியல்காரன் தனக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் படம் எடுக்க வருகிறான். பஸ்ஸில் இப்போது ஆர் முதல் ஏறுகிறோமோ அவருக்கு ஜன்னல்.

போன கிழமை முதலாம் வருடத் தம்பி ஒருவன், வதிரியிலிருந்து வருகிறவன், தயங்கித் தயங்கி வந்து நின்றான். "அண்ணை, என்ன எண்ணெய் பாவிக்கிறியள்?" எண்ணெய் சொல்லவில்லை. கொப்பியைத் திறந்து புதிய பக்கத்தில் திகதியையும் அவனுடைய வயதையும் எழுதினோம். அடுத்த வரியில், போன மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்டு எழுதினோம். அதற்கடுத்த கேள்வியைக் கேட்க முதல், அவனைக் கன்ரீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து இருத்தினோம்.